டொமைன் நிறுத்தப்படும் என்று வந்த மெயிலை நம்பிவிட்டேன், கடைத் தளம் போய்விட்டது: அவசர உதவி

மிளகாய்த்தூள்_அக்கா | செவ்வாய், மாலை 6.40

வணக்கம் பிள்ளைகள். சுன்னாகத்தில் வீட்டோடு கறித்தூள், மிளகாய்த்தூள், அரிசிமா செய்து விற்கிறேன். பாதிக்கு மேல் வெளிநாட்டு ஓடர்தான். ஆறு வருடமாக ஒரு டொட் கொம் தளம் இருக்கிறது. மருமகன் செய்து தந்தது, அவர் இப்போது கட்டாரில்.

ஞாயிறு மத்தியானம் மிளகாய் வறுத்துக்கொண்டு நிற்கும்போது போனில் ஒரு மெயில் வந்தது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், பதிந்த கொம்பனியின் பெயர், நிறம், சின்னம் எல்லாம் அப்படியே இருந்தன. உங்கள் தொடர்பு விவரம் உறுதிப்படுத்தப்படவில்லை, 24 மணித்தியாலத்துக்குள் செய்யாவிட்டால் டொமைன் நிறுத்தி அழிக்கப்படும் என்று இங்கிலிசில் எழுதியிருந்தது. போன வாரம்தான் விலாசமும் போன் நம்பரும் மாற்றினேன். அப்போது அதே கொம்பனியில் இருந்து இதே மாதிரி ஒன்று வந்து, அமத்தி உறுதிப்படுத்தியிருந்தேன். அது சரிவரவில்லையாக்கும் என்று நினைத்து இதையும் அமத்தினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். பிறகு போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டது, அதையும் கொடுத்தேன். நன்றி என்று ஒரு பக்கம் வந்தது. மிளகாய் கருகத் தொடங்கியதால் அதோடு போனை வைத்துவிட்டேன்.

நேற்றில் இருந்து ஓடர் மெயில் ஒன்றுகூட வரவில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. இன்று தளத்தைத் திறந்தால் ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது. கணக்குக்குள் போகப் பார்த்தால் கடவுச்சொல் பிழை என்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கஸ்தூரியார்_வீதி | செவ்வாய், மாலை 6.58

அக்கா, முதலில் அந்த மெயிலை அழிக்காதீங்கோ. அதில் உள்ள எதையும் திரும்ப அமத்தவும் வேண்டாம்.

இப்போதே கொம்பனியின் முகவரியை நீங்களே எழுத்து எழுத்தாக அடித்துப் போங்கோ. தேடலில் முதலில் வரும் விளம்பரத்தையும் தொட வேண்டாம். அவர்களின் உதவிப் பக்கத்தில் அரட்டையோ போனோ இருக்கும். "என் கணக்கைக் களவெடுத்துவிட்டார்கள், டொமைனை எங்கேயும் மாற்றவிடாமல் பூட்டுங்கோ" என்பதுதான் முதல் வசனமாக இருக்கவேண்டும். தளம் திறக்கவில்லை என்று தொடங்கினால் அவர்கள் உங்களைச் சாதாரண வரிசையில் போட்டு, உலாவியில் சேமித்து வைத்த பழைய பக்கங்களை (கேஷ்) அழித்துப் பாருங்கள் என்று அரை மணித்தியாலத்தைத் தின்றுவிடுவார்கள். ஆறு வருடத்துக் கட்டணப் பற்றுச்சீட்டு, அட்டையின் கடைசி நாலு இலக்கம், அடையாள அட்டை, இவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு கேள்வி. அந்தக் கணக்கில் உங்கள் வங்கி அட்டை பதிந்திருக்கிறதா? இருந்தால் வங்கிக்கு அடித்து மறித்துவிடுங்கோ. மற்றது, அந்த மெயில் எந்த முகவரிக்கு வந்தது? கடையின் மெயிலுக்கா, உங்கள் சொந்த ஜிமெயிலுக்கா?

வடமராட்சியான் | செவ்வாய், இரவு 7.10

ஆறு இலக்கத்தையும் கொடுத்துவிட்டு இப்போது அழுது என்ன பயன். பேப்பரில், ரேடியோவில், வங்கியில் எல்லாம் நாள் முழுக்கச் சொல்கிறார்கள், ஓடிபி கொடுக்காதே என்று.

கஸ்தூரியார்_வீதி | செவ்வாய், இரவு 7.14

வடமராட்சி அண்ணை, வங்கி சொல்வது போனில் கேட்கிறவனுக்குக் கொடுக்காதே என்று. அக்கா கொடுத்தது கொம்பனியின் பக்கம் என்று நினைத்த இடத்தில். உண்மையான பக்கமும் அதே ஆறு இலக்கத்தைத்தானே கேட்கும்? கள்ளப் பக்கம் நடுவில் நின்று, அக்கா அடிக்க அடிக்க அதை உண்மையான பக்கத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே போகச் சில விநாடி போதும். இதில் அகப்பட்ட கணினிக்காரரையே எனக்குத் தெரியும். முதலில் வேலையைப் பார்ப்போம்.

மிளகாய்த்தூள்_அக்கா | செவ்வாய், இரவு 8.25

தம்பி, வங்கி அட்டையை மறித்துவிட்டேன். கொம்பனியோடு அரட்டையில் கதைத்தேன், மகள் பக்கத்தில் இருந்து எழுதினாள். பூட்டிவிட்டதாகவும், அடையாள அட்டையும் பற்றுச்சீட்டும் அனுப்பச் சொல்லியும் பதில் வந்தது. டொமைன் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறதாம், வேறு கொம்பனிக்குப் போகவில்லையாம். நேம்சேர்வர் மாற்றப்பட்டிருக்கிறது என்றார்கள். அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

மெயில் வந்தது கடையின் முகவரிக்கு. கொம்பனியில் நான் பதிந்து வைத்திருப்பது என் பழைய ஜிமெயில். போனில் இரண்டும் ஒரே பெட்டியில்தான் வந்து விழும்.

கஸ்தூரியார்_வீதி | செவ்வாய், இரவு 8.41

அதுதான் நான் தேடியது. கொம்பனிக்குத் தெரிந்தது உங்கள் ஜிமெயில் மட்டும். அவர்களுடைய கடிதம் அங்கேதான் வரும். கடை முகவரி உங்கள் தளத்தின் தொடர்புப் பக்கத்தில் ஊருக்கே தெரிய இருக்கிறது, கள்ளன் அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறான். போனில் இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கலந்து காட்டுவதால் அந்த ஒரு வித்தியாசம் கண்ணில் படவில்லை.

போன வாரம் வந்தது உண்மையான மெயில்தான். டொமைன் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி, டொட் கொம் போன்ற பெயர்களில் தொடர்பு விவரம் மாறினால் கொம்பனி 15 நாளுக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும். உறுதியாகாவிட்டால் டொமைனை நிறுத்தலாம் என்பதும் விதியிலேயே இருக்கிறது. ஆகவே மெயிலில் உள்ள மிரட்டல் பாதி உண்மை. பாதி உண்மை கலந்த பொய்யைப் பிடிப்பதுதான் கஷ்டம். நீங்கள் விவரம் மாற்றியது அவனுக்குத் தெரிந்திருக்காது. பத்தாயிரம் பேருக்கு ஒரே தூண்டிலைப் போடுகிறான், யாரோ ஒருவர் போன வாரம் விவரம் மாற்றியிருப்பார்.

நேம்சேர்வர் என்பது, உங்கள் பெயரைச் சொல்லி யாராவது வழி கேட்டால் எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்லும் இடம். அதை மாற்றினால் தளம் மட்டுமல்ல, மெயிலும் அவன் சொல்லும் வீட்டுக்குத்தான் போகும். அதனால்தான் ஓடர் வரவில்லை. அக்கா, இதைக் கவனமாக வாசியுங்கோ: இந்த இரண்டு நாளும் உங்களுக்கு எழுதியவர்களின் மெயில் அவன் கையில் இருக்கலாம். உங்கள் முகவரியில் இருந்தே அவன் பதில் போடவும் முடியும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, காசை இங்கே போடுங்கோ என்று எழுதுவான். தளத்தை ஒரு நாள் பிந்தித் திறந்தாலும் பரவாயில்லை, இன்றிரவே தெரிந்த வாடிக்கையாளர் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் சொல்லுங்கோ. எழுதினால் மட்டும் போதாது, குரல் பதிவாக அனுப்புங்கோ.

மிளகாய்த்தூள்_அக்கா | செவ்வாய், இரவு 8.47

ஐயோ. அதை நான் யோசிக்கவே இல்லை. அனுப்புகிறேன்.

பனங்கட்டி | செவ்வாய், இரவு 9.30

அக்காவுக்கு நல்லபடியாக முடியவேண்டும். எனக்கும் வருடத்துக்கு இரண்டு மூன்று வரும். போன தை மாதம் சீனாவில் இருந்து ஒன்று. எங்களுடைய கடைப் பெயரை அங்கே ஒரு கொம்பனி டொட் சிஎன், டொட் ஏசியா எல்லாவற்றிலும் பதியக் கேட்கிறதாம். நீங்கள்தான் உரிமையாளர் என்றபடியால் உங்களுக்கு முதலில் சந்தர்ப்பம் தருகிறோம், ஏழு நாளில் பதில் போடுங்கோ என்று மரியாதையாக எழுதியிருந்தான். பனங்கட்டிக் கடைப் பெயருக்குச் சீனாவில் அடிபாடு என்றதும் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மனிசிக்கும் காட்டினேன். "உங்கட பனங்கட்டியை யாழ்ப்பாணத்திலேயே கேட்க ஆள் இல்லை" என்றா.

ஆலயத்_தளம் | செவ்வாய், இரவு 9.52

எங்கள் கோயில் நிர்வாகத்துக்கு வந்தது வேறு வகை. "டொமைன் காலாவதி அறிவித்தல்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு, கோயில் தளத்தின் பெயர், முடியும் திகதி, கீழே 86 டொலர் கட்டச் சொல்லி ஒரு பெட்டி. பொருளாளர் ஐயா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கணக்கில் கறார். பில் வந்தால் கட்டவேண்டும் என்று அட்டையை எடுத்துவிட்டார். நல்ல காலம், ஆசிரியர் என்றபடியால் சின்ன எழுத்தையும் விடாமல் வாசித்தார். அடியில் சாம்பல் நிறத்தில், இது பில் அல்ல, தேடுபொறிகளில் உங்கள் பெயரைச் சேர்க்கும் சேவைக்கான அழைப்பு என்று இருந்தது. கூகுளில் பெயர் வர யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை என்று சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

கஸ்தூரியார்_வீதி | செவ்வாய், இரவு 10.15

இது பழைய வித்தை. முன்பு கடித உறையிலேயே வந்தது. புதுப்பிக்கும் பில் போலத் தோன்றும் கடிதத்தில் கையெழுத்து வைத்தால், டொமைன் சத்தமில்லாமல் கூடிய விலைக்கு வேறு கொம்பனிக்கு மாறிவிடும். இப்படி அனுப்பிய ஒரு நிறுவனத்தை அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2003இலேயே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

கோயில்காரருக்கு ஒரு கணக்கு. சாதாரண டொட் கொம் புதுப்பிக்க வருடத்துக்குப் பத்தில் இருந்து இருபது டொலர் வரைதான் வரும். 86 என்றால் அந்த இடத்திலேயே நிற்கலாம். அதைவிடப் பயனானது, டொமைன் எப்படிச் சாகிறது என்று தெரிந்து வைத்திருப்பது. முடியும் திகதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன் ஒரு நினைவூட்டல், ஒரு கிழமை முன் இன்னொன்று, முடிந்த பிறகு ஐந்து நாளுக்குள் ஒன்று, இவற்றைக் கொம்பனி அனுப்பியே ஆகவேண்டும். முடிந்த பிறகும் பல கொம்பனிகள் சில வாரம் பொறுக்கும். அழித்த பிறகுகூட 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குத் தண்டம் கூட. அதன் பின் ஐந்து நாள் கழித்துத்தான் பெயர் ஊருக்கு விடப்படும். ஆகவே 24 மணித்தியாலத்தில் அழிந்துவிடும் என்று எழுதினால் அவனுக்கு இந்தத் தொழில் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறான். இலங்கையின் டொட் எல்கேயின் விதிகள் வேறு, அதை அவர்களுடைய தளத்திலேயே பாருங்கோ.

வடமராட்சியான் | புதன், காலை 6.05

நேற்றுக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், அக்கா மன்னிக்கவேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். பெயர், விலாசம், மெயில் எல்லாவற்றையும் ஹூயிஸில், அதாவது டொமைன் யாருடையது என்று காட்டும் பொதுப் பதிவேட்டில், மறைத்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. மறைக்காமல் விட்டதுதான் பிழை.

குப்பிவிளக்கு | புதன், காலை 8.20

மெயில் சேர்வர் வேலை பார்ப்பவள் என்றபடியால் இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான கொம்பனிகள் தாங்களாகவே அந்த விவரங்களை மூடிவிட்டன. அக்காவின் பெயரும் அநேகமாக மறைந்துதான் இருக்கும். மறைப்பது நல்லது, மறைக்கத்தான் வேண்டும். ஆனால் முடியும் திகதியும் எந்தக் கொம்பனி என்பதும் இப்போதும் யாருக்கும் தெரியும். கள்ளனுக்கு அந்த இரண்டும் கிடைத்தால் போதும், மெயில் முகவரிக்குத் தொடர்புப் பக்கம் இருக்கிறது. கடை என்றால் அதை மறைக்கவும் முடியாதே, ஓடர் எப்படி வரும்?

அக்காவின் கதையில் உள்ள முகவரி விஷயத்தை வைத்து நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். டொமைன் கொம்பனிக்கு மட்டும் என்று ஒரு தனி மெயில் முகவரி திறவுங்கோ. அதை ஒருவருக்கும் கொடுக்காதீங்கோ, பேஸ்புக்கிலும் போடாதீங்கோ. டொமைன் பற்றி வேறு எந்தப் பெட்டியில் எது வந்தாலும், எவ்வளவு அழகாக வந்தாலும், கள்ளம் என்று யோசிக்காமல் தள்ளலாம். போனில் எல்லாப் பெட்டியும் கலந்து தெரிவதை நிறுத்தி, இதை மட்டும் வேறாக வையுங்கோ.

அந்த முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் பறிபோனால் கடவுச்சொல்லை மீட்கும் மெயில் எங்கே போகும்? கள்ளனிடம்தான். வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிற கதை.

ரொறன்ரோ_மாமா | புதன், மாலை 5.40

உங்களுக்கு மாலை, எனக்குக் காலை. ஒரு விஷயம் சொல்லவேண்டும், கொஞ்சம் வெட்கம்தான்.

2022இல் அங்கே டொலர் இல்லாமல் போனபோது ஊரில் அட்டையால் வெளிநாட்டுக் கட்டணம் கட்டப் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய மாணவர் சங்கத் தளம் ஒன்று, இரண்டு சொந்தக்காரரின் கடைத் தளம், எல்லாவற்றையும் என்னுடைய கணக்குக்கு மாற்றி நான்தான் கட்டினேன். உதவி என்று செய்தது. இப்போதும் என் கணக்கில்தான் கிடக்கின்றன. கொம்பனி அனுப்பும் உண்மையான நினைவூட்டல் எனக்கு வரும், நான் திறக்கிறதே இல்லை. ஊரில் தளம் நடத்துகிற பெடியனுக்குக் கள்ள மெயில் வரும். எது முடிகிறது, எங்கே கட்டுவது என்று அவனுக்குத் தெரியாது. போன வருடம் அப்படித்தான் 120 டொலரை யாருக்கோ கட்டினான். என்னிடம் சொல்லவும் கூச்சப்பட்டான். கட்டுகிறவன் ஒருத்தன், நடத்துகிறவன் ஒருத்தன், நடுவில் கள்ளன்.

கஸ்தூரியார்_வீதி | புதன், மாலை 6.30

மாமா, இதை நீங்கள் வாய்விட்டுச் சொன்னது பெரிய காரியம். என்னுடைய கடைக்கு வரும் தளங்களில் பாதிக்கு இந்தக் கதைதான். ஒன்று லண்டனில் சித்தப்பாவின் பெயரில், ஒன்று கலியாணம் கட்டி சுவிஸ் போன பழைய ஊழியரின் மெயிலில், இன்னொன்று யாருடைய பெயரில் என்றே தெரியாது. தளம் செய்தவன் தன் பெயரிலேயே பதிந்துவிட்டுப் போன கேஸும் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுதினால் சண்டை வரும், விடுவோம்.

நான் இப்போது வாடிக்கையாளரிடம் செய்விப்பது ஒரே ஒரு தாள். வருமானக் கொப்பி, காணி உறுதி வைக்கும் அலுமாரிக்குள் வைக்கச் சொல்வேன். டொமைனின் பெயர், எந்தக் கொம்பனி, யார் பெயரில் கணக்கு, எந்த மெயில், எந்தத் திகதியில் முடியும், யார் கட்டுகிறார். கடவுச்சொல்லை மட்டும் எழுதக்கூடாது. மெயில் வந்தால் மெயிலை ஆராயாமல் அந்தத் தாளை எடுத்துத் திகதியைப் பாருங்கோ. திகதி தள்ளி இருந்தால் போய்ச் சாப்பிடுங்கோ. கிட்ட இருந்தால் நீங்களாக முகவரியை அடித்துக் கணக்குக்குள் போய்ப் பாருங்கோ. உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மெயிலைப் பார்த்தே கள்ளம் பிடிக்கும் காலம் போய்விட்டது. முன்பு இங்கிலிசுப் பிழையைப் பார்த்துப் பிடிக்கலாம். இப்போது அவனுடைய இங்கிலிசு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார் என்பார்கள். அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், கள்ளனும் எடுப்பான்.

பனங்கட்டி | புதன், இரவு 7.05

அனுப்பியவரின் முகவரியைப் பார்த்துப் பிடிக்கலாம் என்று மகன் சொல்கிறானே?

குப்பிவிளக்கு | புதன், இரவு 7.48

பார்க்கத் தெரிந்தால் கொஞ்சம் பிடிக்கலாம். போனில் பெயர் மட்டும்தான் தெரியும், பெயரை அமத்தினால்தான் முகவரி வரும். அதை இடமிருந்து வாசிக்கத் தொடங்கினால் ஏமாந்துபோவீர்கள். கடிதத்தில் விலாசம் எழுதுவதை நினையுங்கோ: வீட்டுப் பெயர், ஒழுங்கை, கடைசி வரியில் ஊர். முதல் வரியில் "யாழ்ப்பாண இல்லம்" என்று எவ்வளவு பெரிதாக எழுதினாலும் கடைசி வரியில் மாத்தறை என்றிருந்தால் கடிதம் மாத்தறைக்குத்தான் போகும். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்தில் உள்ள https:// போக, முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால், கடைசியாக வரும் புள்ளிக்கு இரண்டு பக்கமும் உள்ள சொற்கள்தான் ஊர். டொட் கொம் டொட் எல்கே போன்றவற்றில் இன்னும் ஒரு சொல் இடப்பக்கம் போகவேண்டும். அதற்கு முன்னால் கொம்பனியின் பெயரைக் கள்ளன் எத்தனை முறையும் எழுதலாம்.

அந்த ஊரையும் கண் ஏமாற்றும். இங்கிலிசில் ஆர், என் என்ற சின்ன எழுத்து இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். தமிழில் நமக்கே பழக்கமானது: ஔவையார் என்று ஓர் எழுத்தாலும் எழுதலாம், ஒ-வையும் ள-வையும் சேர்த்து ஒளவையார் என்றும் அடிக்கலாம். எத்தனை பேர் வித்தியாசம் கண்டிருப்பீர்கள்? டொட் இலங்கை என்று தமிழிலேயே முகவரி பதிய 2010இல் இருந்து வசதி இருப்பதால் இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை.

ஆகவே கண்ணை நம்புவதைக் கணினியிடம் விடுங்கோ. கடவுச்சொல் காப்பகச் செயலி உண்மையான முகவரியில் மட்டும்தான் தானாக நிரப்பும். ஒரு நாள் நிரப்பாமல் சும்மா இருந்தால், அதைத் திட்டிவிட்டுக் கையால் அடிக்காதீங்கோ, அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் பாஸ்கீ, அல்லது யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புத் திறப்பு இன்னும் நல்லது. அது பதிந்த முகவரியைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்யாது. அக்கா கொடுத்த ஆறு இலக்கம்போல் எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

வடமராட்சியான் | புதன், இரவு 8.15

சேர்வர்காரர் எல்லாம் எஸ்பிஎஃப், டிமார்க் என்று ஏதோ சொல்வார்களே, அது இதைத் தடுக்காதா?

குப்பிவிளக்கு | புதன், இரவு 8.33

அது உங்கள் பெயரில் வேறு ஒருவர் மெயில் அனுப்புவதைத் தடுக்கும். உங்களுக்கு வரும் கள்ள மெயிலில் கொம்பனியின் உண்மையான முகவரியையே போட்டிருந்தால், கொம்பனி டிமார்க் வைத்திருந்தால் மட்டும் தடுபடும். ஓர் எழுத்து மாற்றிய முகவரியில் இருந்து வந்தால் அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அந்த முகவரி உண்மையில் கள்ளனுடையதுதான். ஆனால் வைத்துக்கொள்ளுங்கோ. பெருந்தொகையாக மெயில் அனுப்புவோரிடம் கூகுளும் யாகூவும் 2024 பெப்ரவரியில் இருந்து இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பலர் டிமார்க்கைப் பார்வையாளர் நிலையில் வைத்துவிட்டு முடிந்தது என்று இருக்கிறார்கள். நிராகரி என்று மாற்றும்வரை அது காவல்காரன் இல்லை, வேடிக்கை பார்ப்பவன்.

கஸ்தூரியார்_வீதி | புதன், இரவு 9.02

இன்னொன்று, எல்லோரும் இன்றைக்கே உங்கள் கணக்கில் பரிமாற்றப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கோ. ஒரு சொடுக்குத்தான், காசில்லை. பூட்டு இருந்தால் டொமைனை வேறு கொம்பனிக்கு இழுப்பது கஷ்டம். ஒரு கொம்பனிக்குள் இருக்கும்வரை மீட்பது சுலபம். வேறு நாட்டுக் கொம்பனிக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். பேர்ள் நிரல்மொழியின் டொட் கொம் தளமே இப்படி இன்னொரு கொம்பனிக்குக் கடத்தப்பட்டது 2021 ஜனவரி கடைசியில்தான் தெரியவந்து, பெப்ரவரியில்தான் திரும்பியது. அதை நடத்தியவர்கள் தொழில்நுட்பத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

அக்கா, என்ன நிலவரம்?

மிளகாய்த்தூள்_அக்கா | வெள்ளி, மாலை 4.20

பிள்ளைகள், நேற்று இரவு கணக்கைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்ததால் சுகமாக முடிந்தது என்றார்கள். மருமகன் தன் பெயரில் பதியாமல் என் பெயரில் பதிந்தது இப்போதுதான் எவ்வளவு நல்லது என்று விளங்குகிறது. நேம்சேர்வரைப் பழையபடி மாற்றினோம். சிலருக்கு இன்னும் விளம்பரப் பக்கம்தான் தெரிகிறது.

மெயில் பற்றித் தம்பி சொன்னது அப்படியே நடந்தது. லண்டனில் ஒரு பிள்ளை மாதாமாதம் ஐந்து கிலோ எடுப்பாள். அவளுக்கு என்னுடைய முகவரியில் இருந்தே மெயில் போயிருக்கிறது, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, 140 பவுண் இந்தப் புதுக் கணக்குக்குப் போடவும் என்று. அவளுடைய பழைய ஓடர் இலக்கமும் அதில் இருந்ததாம். காசு போட வங்கிச் செயலியைத் திறந்தும்விட்டாள். ஆனால் மெயிலில் "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே" என்று இருந்ததாம். நான் ஒரு நாளும் அப்படி எழுதுவதில்லை, "பிள்ளை, தூள் கிடைத்ததா" என்றுதான் எழுதுவேன். "அன்ரி என்னோடு கோபமோ என்று நினைத்தேன்" என்றாள். அதற்குள் என் குரல் பதிவும் போய்விட்டது.

ஜேர்மனியில் ஒருவர் கட்டிவிட்டார், 60 யூரோ. அவருடைய வங்கி திருப்பித் தருமோ தெரியாது. தூளை நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கஸ்தூரியார்_வீதி | வெள்ளி, மாலை 4.55

சந்தோஷம் அக்கா. விளம்பரப் பக்கம் சிலருக்கு இன்னும் தெரிவது வழமை. டொட் கொம்மின் நேம்சேர்வர் பதிவை மற்றைய கணினிகள் 48 மணித்தியாலம் வரை ஞாபகத்தில் வைத்திருக்கும், நாளை இரவுக்குள் சரியாகும்.

இன்னும் வேலை இருக்கிறது. கணக்கில் வேறு யாராவது பயனர் சேர்க்கப்பட்டிருக்கிறாரா, மீட்பு மெயிலோ போன் நம்பரோ மாறியிருக்கிறதா என்று பாருங்கோ. கடை மெயிலின் அமைப்பில், வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் "முன்னனுப்பு" என்று ஏதாவது போட்டிருக்கிறானா என்பதையும் கட்டாயம் பாருங்கோ. பலர் கதவைப் பூட்டிவிட்டு அந்த யன்னலை மறந்துபோவார்கள். ஜிமெயிலின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கோ.

கள்ள மெயிலை அதன் தலைப்பு விவரங்களோடு சேமித்து, நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு அறிவியுங்கோ, 101க்கு அடிக்கலாம். பொலிசிலும் முறைப்பாடு போடுங்கோ. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போனதே குற்றம். ஆளைப் பிடிப்பார்களோ இல்லையோ, ஜேர்மனிக்காரர் தன் வங்கியில் கதைக்க அந்த முறைப்பாட்டுப் பிரதி உதவும்.

ரொறன்ரோ_மாமா | வெள்ளி, மாலை 6.10

நேற்று ராத்திரி இருந்து பழைய மாணவர் சங்கத்து டொமைனைச் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு திறந்து மாற்றிவிட்டேன். காசு நான்தான் கட்டுவேன், ஆனால் சாவி அங்கே. பெடியனோடு ஒரு மணித்தியாலம் வீடியோவில் இருந்து தாளும் எழுதினோம். இரண்டு கடைத் தளமும் மிச்சம். ஒன்றில் உரிமை யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் இழுபறி, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அக்கா, எனக்கு மூன்று கிலோ மிளகாய்த்தூள், கொஞ்சம் உறைப்புக் கூட. காசு எந்தக் கணக்குக்குப் போடுவது?

மிளகாய்த்தூள்_அக்கா | வெள்ளி, மாலை 6.25

நம்பரை இங்கே எழுதமாட்டேன் தம்பி. ஆறுதலாகப் போன் எடுங்கோ, வாயால் சொல்கிறேன். மூன்று கிலோ நாளைக்கு அரைக்கிறேன்.